கண்டக்டரம்மா சபையில் போட்ட ஹோல்டான்

தையற்கடையை மதியமே பூட்டிவிட்டு வந்த அண்ணன், சட்டசபையின் பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையில் இடம் பிடித்தார். கீழே எதிர்க்கட்சி வரிசையின் கடைசி இருக்கையில் அவருடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். "அதோ, சாம்பல் நிறக் கோட்டு. என் தங்கச்சி. கோட்டு நான் தைச்சது," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். அவர் கேட்டிருக்கவே இல்லை.

தங்கை பாதி வாழ்க்கையைப் பேருந்தில் நின்றே கழித்தவள். மலைப்பாதை வண்டியில் கண்டக்டர். யார் எந்த நிறுத்தத்தில் இறங்குவார், எந்த வளைவில் யாருக்குக் குமட்டும் என்பதெல்லாம் அத்துப்படி. வாய் ஓயாது. அந்த வாயை நம்பித்தான் ஒரு சின்னக் கட்சி அவளைத் தேர்தலில் நிறுத்தியது. பயணிகளே ஓட்டுப் போட்டு அனுப்பிவைத்தார்கள். சபையிலும் 'கண்டக்டரம்மா' என்ற பெயர்தான் நிலைத்தது.

அன்று விஷயம் பெரியது. புகையைக் குறைப்பதற்கான எரிசக்தி மசோதாவைக் காலையில் மேசையில் வைத்துவிட்டு, மாலைக்குள் நிறைவேற்றிவிட ஆளுங்கட்சி துடித்தது. அடுத்த மாதத்திலிருந்து டீசல் பேருந்து ஓடக் கூடாது. மின்சாரப் பேருந்தோ இன்னும் வாங்கவே இல்லை. மலைக்கு இருப்பது ஒரே வண்டி. அது நின்றுபோனால் மேலே இருப்பவர்கள் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்துதான் வரவேண்டும். வாக்கெடுப்பு என்று வந்தால் எதிர்க்கட்சி தோற்பது உறுதி. மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சரே மனமிரங்கி அதை ஆய்வுக் குழுவுக்கு அனுப்பினால்தான் உண்டு. கடைசியாகப் பேசும் வாய்ப்பு தங்கைக்குக் கிடைத்தது.

"மின்சார வண்டி வேணாம்னு சொல்லலைங்க. வருஷக்கணக்கா டீசல் புகையை மூக்குல வாங்கினவ நான், எனக்குத்தான் முதல்ல வேணும். ஆனா உங்க புது வண்டி இன்னும் காகிதத்துலதான் ஓடுது. அதுல யாரை ஏத்தறது?"

ஆளுங்கட்சிப் பக்கமும் சிலர் சிரித்தார்கள். அமைச்சர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் வந்தது வினை. ஒரு தாளை முடித்த தங்கை, அடுத்ததைப் புரட்டுமுன், பழக்க தோஷத்தில் மேசையை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்!" என்றாள்.

சபாநாயகர் அதற்காகவே காத்திருந்தவர்போல் நிமிர்ந்தார். "உறுப்பினரே போலாம்னுட்டாங்க. வாக்கெடுப்புக்குப் போலாம்."

ஆளுங்கட்சி வரிசை ஆரவாரித்தது. அண்ணன் இருக்கையை விட்டு எழுந்தேவிட்டார்.

"ஹோல்டான்!"

நெரிசலில் பின்படியிலிருந்து டிரைவர் காதுவரை எட்டிய குரல் அது. சபை அப்படியே நின்றது. தண்ணீர் கொண்டுபோன சிப்பந்தி ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்.

அமைச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். "கண்டக்டரம்மா, நீங்களே ரைட் குடுத்துட்டு நீங்களே நிறுத்தினா எப்படி? வண்டி போகணுமா, வேணாமா?"

"போகணும் ஐயா. ஹோல்டான்னா வண்டியை ஷெட்ல போடுன்னா அர்த்தம்? ஒரு கால் படியில, ஒரு கால் தரையில ஆள் நிக்குது, ஏறி முடிக்கட்டும்னு அர்த்தம். மலைக்காரங்க இன்னும் ஏறலை."

"நேரமாகுதே அம்மா. புகை நமக்காக நிக்காது."

"நிக்காதுதான். ஆனா டிரைவர் நீங்க. ஆள் விழுந்தா உங்களைத்தான் பிடிப்பாங்க."

எழுந்த சிரிப்பில் சபாநாயகரின் மணி கேட்கவில்லை. அமைச்சர் பின்வரிசைப் பக்கம் திரும்பித் தன் ஆட்களிடம் குசுகுசுத்துவிட்டு எழுந்தார். "மசோதா ஆய்வுக் குழுவுக்குப் போகட்டும். அடுத்த கூட்டத்தொடர்ல வாக்கெடுப்பு. ஆனா, அந்தக் குழுவுல முதல் ஆள் கண்டக்டரம்மா. ஒரு வரி விடாம படிச்சாகணும்."

தங்கையின் முகம் போன போக்கைப் பார்த்து எதிர்க்கட்சியே சிரித்தது. மசோதா தலையணை கனம் இருந்தது.

வெளியே படிக்கட்டில் அதை அண்ணன் கையில் திணித்தாள். "சிரிக்காதீங்க அண்ணா. ஜெயிச்சேனா, மாட்டிக்கிட்டேனான்னே தெரியலை. நீங்களும் கூட உக்காந்து படிங்க."

"நான் எட்டாவதோட நின்னவன்டி."

"நானும் எட்டுதான். ரெண்டும் சேர்ந்தா பதினாறு. பட்டதாரியே பின்னால நிக்கணும்!"

அண்ணன் கைக்குட்டையால் ஒரு படியைத் துடைத்து உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தில் முதல் வரியின் கீழ் விரலை வைத்தார்.