மழைமானிக்கு வைத்த பூ

பெருமழையை ஆராய்வதுதான் என் பிழைப்பு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலும் ஒரு மழைமானி வைத்திருந்தேன். தினமும் காலையில் அம்மா அளவைப் பார்த்து, சென்னையில் இருக்கும் எனக்குப் போனில் சொல்வாள். ஆயுத பூஜையன்று அரிவாள், மண்வெட்டி, பம்பு செட்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள், அதையும் விடவில்லை. குங்குமம், மேலே ஒரு சாமந்தி.

"அதுவும் நம்ம ஊட்டு சாமான்தான? அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

சிரிப்பு தாங்காமல் படம் எடுத்து, ஆய்வகத்தில் எனக்கு மூத்தவருக்கு அனுப்பினேன். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் அம்மா கையால் இறால் தொக்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனிதர்.

அந்தக் கார்த்திகையில் கொட்டித் தீர்த்தது. ஊர்த் தாங்கல் நிரம்பி வழிந்து, அந்தச் சின்ன ஏரியின் தண்ணீர் முழுக்கத் தெருவுக்குள் வந்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து மாடியேறி அம்மா அளவு சொன்னாள். அத்தனை பெரிய அளவை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

பிறகு அதே தாங்கலைத் தூர்த்துத் தொழிற்சாலை கட்ட ஒரு கம்பெனி வந்தது. வெள்ள ஆய்வு எங்கள் ஆய்வகத்துக்கே கிடைத்தது. அம்மா சொன்ன அந்த ஒரு அளவு போதும், தாங்கல் பிழைத்துவிடும் என்று அண்ணாவிடம் சொன்னேன்.

"நான் பாத்துக்கறேம்மா" என்றார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். மேடையில் கம்பெனிக்காரர்களுக்குப் பக்கத்தில் அண்ணா. திரையில் எங்கள் மழைமானி, குங்குமமும் சாமந்தியுமாக.

"பாருங்க, பூ வச்ச கருவி. பயிற்சி இல்லாதவங்க எடுத்த அளவு. அதனால அந்த ஒரு நாள நீக்கிட்டோம். மத்தபடி இங்க வெள்ள அபாயம் இல்ல" என்றார்.

மண்டபத்தில் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த மழைக்கு வெகுநாள் முன்பே பூவை எடுத்தாயிற்று. அது அவருக்கு நன்றாகத் தெரியும். எழுந்து கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பாமல் அடுத்த பக்கத்தைக் காட்டினார். ஆய்வு செய்தவர்கள்: அவர் பெயர், கீழே என் பெயர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவி.

கூட்டத்துக்கு வந்திருந்த அம்மா, வாசலில் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினாள். "தண்ணியே வர்லேன்னு நீயும் எழுதிக் குடுத்துட்டியாமே?"

இல்லம்மா, இல்லம்மா என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். அண்ணா கழுத்தறுத்ததைக்கூடத் தாங்கிக்கொள்வேன்.

சென்னைக்குத் திரும்பிய வாரமே மழை. காலையில் போன் வரவில்லை. நானே கூப்பிட்டு, அளவு எவ்வளவும்மா என்றேன்.

"நான் இன்னா பயிற்சி எடுத்தவளா? நீயே வந்து பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள்.