எள் தூவிய சோறு

முட்டைக்கோவா இலையைத் தடுப்பாக வைத்து, பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றைச் சின்னம்மா நான்கு அறைகளாகப் பிரித்தாள். ஒன்றில் சுருட்டிய முட்டை, ஒன்றில் பூவாக வெட்டிய கரட், ஒன்றில் அவித்த போஞ்சிக்காய். பெரிய அறையில், ஈரக் கையால் அழுத்திப் பிடித்த சோற்று உருண்டைகள். மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ரொட்டியும் சம்பலும் தின்று வளர்ந்த எங்களுக்கு அது சாப்பாடாகவே தெரியவில்லை. நானும் அவள் பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

சின்னம்மா துரை பங்களாவில் ஆயா. அங்கிருந்த துரைசாணி சிறு வயதில் ஜப்பானில் வளர்ந்தவள். தன் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாட்டை அந்த ஊர் முறைப்படிதான் பெட்டியில் அடுக்குவாளாம். கண் சாப்பிட்டால் வாய் தானாகச் சாப்பிடும் என்று அவள் சொன்னதைச் சின்னம்மா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். காரணம் இருந்தது. சித்தப்பா நெஞ்சுநோயோடு தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். எதைக் கொண்டுபோனாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். “மருந்து அப்புறம். வயித்துக்குள்ள ஏதாச்சும் போனாத்தான் ஆளு பொழைக்கும்” என்று டாக்டரையா கையை விரித்துவிட்டார். சின்னம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அழுதாலும் லயத்து வீடுகள் அத்தனையையும் கூட்டித்தான் அழுவாள். வீட்டில் மிச்சமிருந்த அரிசி முழுவதையும் உலையில் போட்டாள்.

கடைசியாக, துரைசாணி கொடுத்திருந்த கறுப்பு எள்ளை உருண்டைகளின் மேல் தூவினாள். பங்களா அடுக்களையில் எள் வெறும் எள்ளாகத்தான் இருந்திருக்கிறது. அவளுக்கும் வேறெதுவும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். பெட்டியைத் திறந்ததும் சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார். ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். உருண்டைகளிடம் வந்ததும் அவர் முகத்தில் பழைய குறும்பு வந்தது. சாவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைக்கிற மனுஷன் அவர்.

“என்னா புள்ள, நான் இன்னும் போகவே இல்ல. அதுக்குள்ள பிண்டம் புடிச்சுக் கொண்டாந்துட்டியா?”

அடுத்த கட்டில்காரர்கூடச் சிரித்தார். சின்னம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சித்தப்பாவுக்குச் சொன்னது உறைத்தது.

“அட, சும்மா சொன்னேன். குடு, பசிக்குது.”

கையை நீட்டினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவராகக் கேட்ட சோறு அது. சின்னம்மா மூடியை அழுத்தி மூடினாள். “வேணாங்க. கஞ்சி வச்சு எடுத்தாறேன்” என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் துணியில் முடிந்துகொண்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள்.

வீட்டில் பிள்ளைகள் அந்தச் சோற்றைக் கேட்டு அழுதார்கள். எனக்கும் வயிறு எரிந்தது. “யாரும் தொடாதீங்க!” என்று கத்தினாள். அரிசிச் சோற்றைக் கொட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை. பிண்டமென்று பேர் வைத்தாகிவிட்ட அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் துணிவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எள்ளோடு எல்லாவற்றையும் அவளே தின்றாள். “அந்தப் பேச்சு எம்மேலயே எறங்கட்டும்” என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

சாயங்காலம் கடன் வாங்கிய அரிசியில் கஞ்சி போயிற்று. சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார். சின்னம்மா யாரையும் கூட்டி அழவில்லை.

இப்போது என் பேத்தியின் சாப்பாட்டுப் பெட்டி கடையிலிருந்தே தடுப்புகளோடு வருகிறது. மருமகள் அதில் கரட்டைப் பூவாக வெட்டி வைக்கிறாள். பிள்ளை பாதியைத் திருப்பிக் கொண்டுவருகிறது, யாரும் கவலைப்படுவதில்லை. சின்னம்மா நெடுங்காலம் இருந்தாள். அந்த நோய்க்கு அப்போது தப்பிப் பிழைத்தவர்கள் குறைவு, ஒரு வேளைச் சோறு என்ன செய்திருக்கும் என்று நாங்களெல்லாம் மாறி மாறிச் சொல்லிப் பார்த்திருக்கிறோம். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். நாங்கள் முடித்ததும் ஒன்றுதான் சொல்வாள்.

“அன்னிக்கு அவருக்குப் பசிச்சுதே.”