சுவரை உடைக்கும் குரல்

பெங்களூரில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்குப் படக்கதை வரைகிறேன். என் தொடரின் நாயகன் எந்தச் சுவருக்குள்ளும் புகுந்து வெளியேறிவிடுவான். அவனுக்கு எதிரி அவனுடைய அப்பா. அந்த ஆள் கத்தினால் கண்ணாடி நொறுங்கும், கட்டடம் பிளக்கும். ஓடிப்போன மகனைத் தேடி ஊர் ஊராக இடித்துக்கொண்டு வருவார். வாசகர்களுக்கு மகனைவிட அவரைத்தான் பிடித்திருந்தது.

அவரை நான் கற்பனை செய்யவில்லை. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் என் அப்பாதான் அவர். அவர் சொல்லி வாங்கிக் கொடுத்த கம்பெனி வேலையை நான் விட்டுவிட்ட அன்று, தெருவே வெளியில் வந்து நிற்கும்படி கத்தினார்.

"படம் போட்டா சோறு போடுவாங்களா? போ. இந்தப் பக்கம் வராத."

போய்விட்டேன். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். ஆனாலும் வருஷக்கணக்கில் தாண்டவில்லை.

போன வருஷம் அம்மா போன் செய்தாள்.

"உங்கப்பா உன் பொஸ்தகத்த படிச்சிட்டாரு. கூட வேல செஞ்சவரு பொண்ணு கொண்டாந்து குடுத்துச்சு."

"என்ன சொன்னாரு?"

"அதுக்கப்புறம் சத்தமாவே பேசறதில்ல. வந்து பாருடா."

அந்த ஞாயிறு போனேன். அப்பா தெருமுனைக் கடையில் நின்றிருந்தார். பால் கேட்டார் போலிருக்கிறது. கடைக்காரருக்குக் கேட்கவில்லை. "ஏனு, ஏனு?" என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பா குரலை உயர்த்தவில்லை. பால் பாக்கெட்டை விரலால் காட்டினார். ஒரு காலத்தில் வாசலில் நின்று கூப்பிட்டால் பஸ் ஸ்டாப் வரை கேட்கும் குரல் அது.

எனக்கு ஒன்று தெரியும். கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மிஷின் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது போயிருந்தது. படிக்கிற காலத்தில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவனே நான்தான். வரையும்போது அது நினைவில் இருந்தது. அதைச் சேர்த்தால் வில்லன்மேல் இரக்கம் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதருகே குனிந்து சொன்னேன்.

"கதையில வர்றது நீ இல்லப்பா."

"நான்தான்டா. சட்டைகூட என்னோடதுதான்." கோபமே இல்லை. பிறகு, "நான் அப்படியா கத்துனேன்?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமாப்பா" என்றேன்.

"எனக்குக் கேக்கல" என்றார்.

அடுத்த இதழில் வில்லனுக்குக் காது கேட்காது என்று வைத்தேன். கதை பலவீனமாகிவிட்டது என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். பதிப்பகத்திலும் முகம் சுளித்தார்கள். அப்பாவிடம் அந்த இதழைக் கொடுத்தேன். புரட்டிவிட்டு, "இவன எதுக்குடா நல்லவனாக்குற? கத்துனது கத்துனதுதானே" என்றார்.

காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். மாட்டினால் தன் குரலே பயமாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். இப்போது மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறு போகிறேன். அவர் பேசும்போது டிவியை அணைத்துவிடுவேன். அப்படியும் பாதி வார்த்தை எனக்குப் பிடிபடுவதில்லை. மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்க வாய் வராமல், புரிந்தவன்போல் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.