வேலி போட்ட பாதை

கமலாம்பிகைக்கு அறுபத்திரண்டு வயது. சாவகச்சேரியில் குண்டு விழுந்து வீடு போன பிறகு கனடா வந்தவர். முதலில் பார்க்டேல் என்ற இடத்தில் ஒற்றை அறை. பிறகு டொன் மில்ஸில், மூன்று மாடி வாடகைக் கட்டடமொன்றில் இருபத்தாறு வருடம். காலையும் பின்னேரமும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஸ்ரொப் பலகை பிடித்துப் பிள்ளைகளை வீதி கடக்க விடுவது அவருடைய வேலை.

கட்டடங்களுக்குப் பின்னால், கார் வராத நடைபாதையொன்று பள்ளிக்கூடம் வரை போகிறது. போன சித்திரையில் அதைக் கம்பி வேலி போட்டு மறித்தார்கள். அவர் இருக்கும் கட்டடத்தோடு பக்கத்துப் பழைய கட்டடங்களையும் இடித்துவிட்டு, விற்பதற்கு வானுயரக் கொண்டோ மாடிவீடுகள் கட்டப்போகிற கம்பனி செய்த வேலை அது. பிள்ளைகள் பெருந்தெரு ஓரமாக, மண் லொறிகளுக்குப் பக்கத்தால் நடக்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் லொறியொன்று ஏழு வயதுச் சிறுமியின் புத்தகப்பையில் தட்டி அவளை விழுத்தியது. முழங்கால் உரசலோடு தப்பினாள். கமலாம்பிகை லொறிக்கு முன்னால் போய் நின்று கத்தினார். கம்பனிக்கு மூன்று தரம் போன் எடுத்தார். தனியார் காணி என்பதே பதில்.

அடுத்த கிழமை, தன் திட்டத்தைச் சனத்துக்கு விளக்கவென்று ஊர் நூலகத்தில் கம்பனி கூட்டம் வைத்தது. சுவரோரம் ஊரின் வரலாறு சொல்லும் பெரிய படங்கள். அவற்றின் கீழே இங்கிலிஷில் எழுதியிருந்ததைப் பக்கத்து வீட்டு நிலக்சி வாசித்துச் சொன்னாள்: போரில் வீடிழந்த லண்டன் சனத்துக்காகவும் இங்கிலாந்தில் புது நகரங்கள் கட்டினார்கள், அவற்றைப் பார்த்து ஐம்பதுகளில் டொன் மில்ஸைத் திட்டமிட்டார்கள், பிள்ளைகள் கார்ப் பயமில்லாமல் நடக்கத் தனிப் பாதைகள் போட்டார்கள். அறுபதுகளோடு வரலாறு முடிந்திருந்தது. படங்கள் முழுக்க வெள்ளைக்காரக் குடும்பங்கள்.

கமலாம்பிகை எழும்பினார்.

"பிள்ளை, நான் தமிழில சொல்லுறன். நீ அப்பிடியே சொல்லு."

பிறகு மேசைக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார்.

"குண்டில வீடு போன சனத்துக்குக் கட்டின ஊர் மாதிரி எண்டு பெருமையா எழுதியிருக்கிறியள். எனக்கும் குண்டிலதான் வீடு போனது. எங்களை வீட்டால எழுப்பிப்போட்டு ஆருக்குக் கட்டுறியள்? பிள்ளையளுக்குப் போட்ட பாதை எண்டு எழுதிப்போட்டு, அதிலயே வேலி அடிக்க வெக்கமில்லையோ?"

நிலக்சி மெதுவாக, "பிளீஸ்..." என்று தொடங்கினாள்.

"நான் பிளீஸ் எண்டு சொல்லேல்லை. வெக்கமில்லையோ எண்டு கேட்டனான். அதைச் சொல்லு!"

நிலக்சி சொன்னாள். பின்வரிசையில் இருந்த கிளடிஸ் என்ற மூதாட்டி எழுந்து, தன் பிள்ளைகளும் அந்தப் பாதையால் போனவர்கள்தான், வேலியை நாளைக்கே கழற்றுங்கள் என்றார். அதன் பிறகு ஆளாளுக்கு எழும்பினார்கள்.

பத்து நாளில் வேலி பின்னுக்குப் போனது. பாதை திறந்தது. ஆனால் இடிப்பு நிற்கவில்லை. புரட்டாதியில் எல்லாக் கதவிலும் வெளியேறச் சொல்லிக் கடிதம் ஒட்டினார்கள்.

அதே கிழமை பேனாட் என்ற கம்பனி அலுவலர் சிரித்த முகத்தோடு வந்தார். புதிய வரலாற்றுப் பலகையில் வைக்கக் கமலாம்பிகையின் படம் வேண்டுமாம்.

கமலாம்பிகை, ஆளை வெளியே தள்ளிவிட்டுப் படத்தை மாட்டப் போகிறீர்களா என்று தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டு, கதவைச் சாத்தினார்.

இப்போது வேலை முடிந்த கையோடு நிலக்சியையும் கூட்டிக்கொண்டு, இடிப்புக்கு எதிராகக் கதவு கதவாகக் கையெழுத்து வாங்குகிறார். மூன்றாம் மாடி மட்டும் இன்னும் மிச்சம்.