முப்பது நாள் வராத ரமலான்

என் அப்பா வக்தியை நான் பாபா என்றுதான் கூப்பிடுவேன். அவர் இருபது வருடம் மற்றவர்கள் பெயரில் தொலைக்காட்சித் தொடர் எழுதினார். ஷுப்ரா பேட்டையில் எங்கள் கட்டடத்துக்கே அது தெரியும், திரைக்கு மட்டும் தெரியாது. போன ரமலானுக்குத்தான் தயாரிப்பாளர் ஹாஜி ஷர்நூபி முதன்முதலாக, "உஸ்தாஸ், இந்தத் தடவை உங்க பேரு மட்டும்தான்" என்றார். முப்பது நாள், முப்பது பாகம். அன்று பாபா இரண்டு தடவை சவரம் செய்துகொண்டார்.

கதை, துணி தேய்க்கும் கடை நடத்தும் சுஹைர் என்கிற பெண்ணைப் பற்றியது. புருஷன் சொல்லாமல் ஓடிப்போனவன். நோன்புக்கு முன்பே பன்னிரண்டு பாகம் எழுதிவிட்டார். நன்றாக இருந்தன. பாடப் புத்தகத்தை ஆடுகிற கட்டிலுக்கு முட்டுக் கொடுக்கிற எனக்கே பிடித்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தை ஓட்டத்தில் எழுத வேண்டும். இன்று எழுதுவதை நாளை எடுப்பார்கள், மறுநாள் நோன்பு திறந்த கையோடு ஊரே பார்க்கும். இரவெல்லாம் பாபா படப்பிடிப்பில் நிற்க வேண்டும், நடிகைக்கு வசனம் பிடிக்காவிட்டால் அங்கேயே மாற்றித் தர வேண்டும். ஆக, எழுதக் கிடைப்பது பகல்தான். டீயும் சிகரெட்டும் இல்லாத பகல். எழுத்து நின்றுபோனது.

எழுத வராத நாளெல்லாம் பாத்திரங்கள் டீ குடித்தார்கள். பதினான்காம் பாகத்தில் மட்டும் பதினேழு கோப்பை, எண்ணியவன் நான். பத்தொன்பதில் சுஹைரின் மாமனாரை மயக்கத்தில் தள்ளினார். அடுத்த ஆறு பாகமும் எல்லோரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் டீ குடித்தார்கள்.

நான் மாடிப்படியிலிருந்து ஹாஜியின் குரலில் போன் போட்டேன். "உஸ்தாஸ், கிழவனை எழுப்புறீங்களா, இல்ல நாங்க பொணத்துக்கு கபன் துணி வாங்கட்டுமா?"

"ரெண்டே நாள் ஹாஜி, சத்தியமா. என் பேரை மட்டும் எடுத்துடாதீங்க."

நான் போனை வைத்துவிட்டேன். சிரிப்பு வரவில்லை.

இருபத்தைந்தாம் நோன்பன்று பாபா சமையலறைக்கு வந்து, "முடிவு வந்துடுச்சு" என்றார். மிச்சம் இருந்த பாகங்களை ஒரே நாளில் பஞ்சு அடைப்பதுபோல் அடைத்து அனுப்பினார். முப்பதாவதை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். அதை முப்பதாம் நாள் காலையில் எடுத்து மாலையில் போடுவதாக ஏற்பாடு.

அம்மா இன்ஷிராஹ் கேட்டாள். "யா வக்தி, இருபத்தொம்பதுலயே பிறை தெரிஞ்சு மாசம் முடிஞ்சுட்டா?"

"போன வருஷம் இருபத்தொம்பது. இந்த வருஷம் முப்பதுதான்."

"பிறை உனக்கு எழுதிக் குடுத்திருக்கா?"

"ஒரு பாகமாவது அவசரமில்லாம எழுதறேனே, இன்ஷிராஹ்."

நான்கு நாள் எழுதினார். கிழித்தார், திரும்ப எழுதினார். இருபத்தொன்பதாம் நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு எங்களுக்குப் படித்துக் காட்டினார். புருஷன் திரும்பி வருகிறான். கசங்கிய சட்டையை மேஜைமேல் வைக்கிறான். சுஹைர் அதைத் தேய்க்கிறாள், காலர், கை, முதுகு. பொத்தான் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதையும் தைக்கிறாள். மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்து யாரு?" என்கிறாள். அவ்வளவுதான். நாற்பது பக்கத்தில் ஒரு வாய் டீ கிடையாது. அம்மா அடுப்பில் பூண்டைக் கருக விட்டிருந்தாள்.

நோன்பு திறந்து பேரீச்சம்பழம் வாயில் இருக்கும்போதே செய்தி வந்தது. பிறை தெரிந்துவிட்டது, நாளை பெருநாள். தெருவில் பிள்ளைகள் வெடி போட்டார்கள். போன் அடித்தது. இந்தத் தடவை நிஜ ஹாஜி.

"வருஷம் பூரா நல்லா இருங்க, உஸ்தாஸ்."

"காலையில எடுத்துடலாம், ஹாஜி. எழுதி முடிச்சுட்டேன்."

"யாரை வச்சு? லைட்காரன் ஊருக்கு பஸ் ஏறிட்டான். உங்க சுஹைர் அலெக்ஸாண்டிரியா ரோட்டுல போயிட்டிருக்கா."

"பெருநாள் கழிச்சு..."

"பெருநாள் கழிச்சு எவன் பார்ப்பான்? நாங்களே ஏதாவது போட்டு முடிச்சுக்கறோம். அடுத்த வருஷத்துக்கு இப்பவே ஆரம்பிங்க."

அன்று இருபத்தொன்பதாம் பாகம் முடிந்ததும் திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் ஒரு வரி: "சுஹைர் கடையை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனாள்." அதன் கீழே பாபாவின் பெயர், பெரிதாக, தனியாக.

மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்து வருகையில் முடிதிருத்தும் ஃபத்ஹல்லா தோளைத் தட்டினார். "ஒரு மாசமா தேய்ச்சவரு கடைசியில கசக்கிப் போட்டுட்டீங்களே, உஸ்தாஸ்!" எல்லோரும் சிரித்தார்கள். பாபாவும் சிரித்தார். எனக்கு ஃபத்ஹல்லாவின் செருப்பை ஒளித்துவைக்கத் தோன்றியது. அதற்கும் மனம் வரவில்லை.

ஏழு மாதம் ஆகிறது. தினமும் காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை பாபா மேஜையில் உட்காருகிறார். இப்போது நோன்பு இல்லை. அம்மா டீ வைக்கிறாள், ஆறியதும் எடுத்துப்போய் வேறு வைக்கிறாள். "எவ்வளவு ஆச்சு?" என்றால், "போயிட்டிருக்கு" என்கிறார்.

நேற்று மேஜை துடைக்கிற சாக்கில் பார்த்தேன். "காட்சி ஒன்று. பகல்." அவ்வளவுதான் இருந்தது. பேனா மூடாமல் கிடந்து முனையில் மை காய்ந்திருந்தது.

"புதுப் பேனா வாங்கிட்டு வரட்டுமா, பாபா?"

"எதுக்கு? இது நல்லாத்தான் எழுதுது."