வாசற்படியில் தும்முகிறவன்

எங்கள் வீட்டில் யாரும் நினைத்த நேரத்துக்குக் கிளம்பியது கிடையாது. காரணம் என் மூக்கு. புறப்படும்போது யாராவது தும்மினால், உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இதில் என் மனைவி கறார். நானோ பார்த்தீனியம் பூக்கும் மாதங்களில் கண் விழித்ததும் தும்ம ஆரம்பித்தால் மதியம்வரை ஓயாதவன். பகுத்தறிவாளன் என்ற நினைப்பு வேறு. ஆனாலும் தும்மலுக்கொரு டம்ளர் குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அலர்ஜி மாத்திரை. பயணத்துக்கு முன்பே ஒன்றைப் போட்டுவிட்டால் வாசற்படி தாண்டும்வரை மூக்கு அடங்கியிருக்கும். சகுனம் சுத்தம். அது தூக்கத்தையும் கூட்டி வரும் என்பதை, கார் ஓட்டப் போகிற நானே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன ஆவணியில் தாராபுரத்தில் ஒரு கல்யாணம். பல்லடம் தாண்டியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, மனைவி என் கையைப் பிடித்து உலுக்கியதும், முன்கண்ணாடி முழுக்க ஒரு தேங்காய் லாரியின் பின்பக்கம் நிறைந்திருந்ததும்தான். பிரேக்கை மிதித்தேன். கார் ரோட்டை விட்டிறங்கி மண்ணில் நின்றது.

அவள் கத்தவில்லை. "ஏனுங்க, தூங்கிட்டீங்களா?" என்றாள் மெதுவாக.

இடித்திருந்தால் முதலில் நசுங்கியிருப்பது அவள் உட்கார்ந்திருந்த பக்கம்தான். கல்யாணத்தில் என்ன சாப்பிட்டேன் என்று இன்றும் தெரியாது.

தும்மலுக்கெல்லாமா ஸ்பெஷலிஸ்ட் என்று நக்கலடித்தவன், மறுவாரமே கோவையில் அலர்ஜி டாக்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். "இது மூக்கோட நிக்கலீங்க. நெஞ்சுலயும் வீசிங் இருக்குது" என்றார். எனக்கு மூச்சு வாங்கியதை இத்தனை நாள் தொப்பையின் கணக்கில் எழுதியிருந்தேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் குத்திப் பார்க்க வேண்டும், அதுவரை அந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்று சொல்லி இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை போட்டால் தூக்கம். போடாவிட்டால் தும்மல், ஒவ்வொரு தும்மலுக்கும் கண் மூடிக்கொள்ளும். கார் சாவியை ஆணியில் மாட்டியவன் பிறகு எடுக்கவே இல்லை.

டெஸ்ட் அன்று காலை, சரியாக வாசற்படியில், அடுக்கடுக்காகத் தும்மினேன். பழக்கதோஷத்தில் நாற்காலியை நோக்கித் திரும்பினேன். மனைவி சாவியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு அருகில் நின்றிருந்தாள். மார்க்கெட்டைத் தாண்டி அவள் கார் ஓட்டியதில்லை.

"தண்ணி அங்க போய்க் குடிச்சுக்கலாங்க. ஏறுங்க."

அவிநாசி ரோட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி போனது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டும் அளவுக்கு இடைவெளி விட்டு ஓட்டினாள். நான் பக்கத்தில், தும்மினால் அவள் பதறிவிடுவாளோ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.