வளைந்த பாத்திகள்

வசந்தினி அளவெட்டியில் இருபது வருடமாகப் படம் பிடிக்கிறார். கலியாணவீடு, சாமத்தியவீடு, அடையாள அட்டைப் படம் எல்லாம் அவர் எடுப்பதுதான். தோட்டங்களை எடுக்கத் தொடங்கியது அண்மையில். யாழ்ப்பாணத்தில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டல், சாப்பாட்டு அறையின் சுவர் முழுவதற்கும் தோட்டப் படம் கேட்டிருந்தது.

தோட்டங்களுக்கிடையே போகும் ஒழுங்கையின் ஓரத்து வீட்டு மாடியில் ஏறி, முக்காலியை மட்டமாக நிறுத்தி, கமராவை இடப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பதினொரு படம் எடுப்பார். ஒவ்வொன்றிலும் முந்தைய படத்தின் மூன்றிலொரு பங்கு இருக்கவேண்டும். பிறகு கணினியில் ஒட்டினால் செம்மண்ணும் வெங்காயமும் பனைகளும் ஒரே நீட்டாக விரியும்.

மாசியில் பரமலிங்கத்தின் வெங்காயத் தோட்டத்தை எடுத்தார். ஒட்டிப் பார்த்தபோது, நடுவிலிருந்த கிணற்றுக்குப் பக்கத்தில் பாத்திகள் வளைந்திருந்தன. நீளப் படங்களில் நேர்கோடு வளைவது வழக்கம்தான். ஆனால் அந்த வளைவு படம் முழுவதும் சீராக இருக்கும். இது ஓரிடத்தில் மட்டும் கீழே அமுங்கியிருந்தது. ஒட்டியதில் பிழை என்று நினைத்து ஆறாவது படத்தைத் தனியாகத் திறந்தார். அதிலும் பாத்திகள் வளைந்தே இருந்தன.

அடுத்த கிழமை அதே மாடியிலிருந்து அதே நேரத்தில் மறுபடி எடுத்தார். பள்ளம் அகன்றிருந்தது.

பரமலிங்கத்திடம் போய்ச் சொன்னார். அவர் சிரித்தார்.

"உம்மடை கமராவிலைதான் பிள்ளை ஏதோ பிழை."

அவருடைய மனைவி குணலட்சுமி சிரிக்கவில்லை. பத்து நாளாக வாய்க்காலில் விடும் தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போவதில்லை, நடுவிலேயே எங்கோ இறங்கிவிடுகிறது என்றார். கிணற்றுத் தண்ணீரும் கலங்கி வருகிறதாம். எலி வளையாக இருக்கும் என்று பரமலிங்கம் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வெங்காயம் கிண்ட எட்டுப் பெண்களுக்குச் சொல்லியாயிற்று.

அந்தப் பக்கத்தில் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதற்குள் குகைகள் இருக்கின்றன, தண்ணீர் ஓடுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். தங்கள் காலுக்குக் கீழேயும் அதுதான் என்று யாரும் நினைப்பதில்லை. குணலட்சுமி சொல்லியனுப்ப, கிராம சேவையாளர் வந்து, வரம்பில் நின்று காலால் இரண்டு தரம் மிதித்துப் பார்த்தார். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்லிப் போனார்.

வியாழன் பின்னேரம் வசந்தினி இரண்டு படங்களையும் ஆறடி நீளத்துக்கு அச்செடுத்து, பரமலிங்கத்தின் வீட்டு விறாந்தையில் முதலில் எடுத்தது மேலேயும் பிறகு எடுத்தது கீழேயுமாக விரித்தார். குணலட்சுமி முழங்காலூன்றிப் படங்களின்மேல் விரலை நகர்த்திக்கொண்டே போனார். கிணற்றுக்கு அப்பால் நின்ற பூவரசில் விரல் நின்றது. மேல் படத்தில் முழு மரம். கீழ்ப் படத்தில் கொப்பு மட்டும்.

"இந்தப் பூவரசின்ரை அடி எங்கை?"

கேட்ட கையோடு குணலட்சுமி எழும்பி, எட்டுப் பெண்களுக்கும் ஒவ்வொருவராக அழைப்பெடுத்து வரவேண்டாம் என்று சொன்னார்.

வெள்ளி காலை, தண்ணீர் இறைக்கும் மிசினையாவது எடுத்து வருகிறேன் என்று பரமலிங்கம் புறப்பட்டார். தனியே விட மனமில்லாமல் வசந்தினியும் போனார். ஒழுங்கையில் நின்றபடியே கமராவால் பார்த்தார். பரமலிங்கம் குனிந்து குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பாத்திகள் சத்தமில்லாமல் கீழே போய்க்கொண்டிருந்தன.

"அண்ணை, எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வாங்கோ!"

அவர் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தார். மிசின் போனது. கிணற்றுக் கட்டு சரிந்தது, பூவரசு நின்ற நிலையிலேயே இறங்கியது. அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது. எங்கோ ஆழத்தில் தண்ணீர் புரளும் சத்தம்.

அதிகாரிகள் வந்து சுற்றிலும் கயிறு கட்டினார்கள். இன்னும் எவ்வளவு தூரம் இறங்கும் என்று கேட்டதற்கு, கயிற்றுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள் என்றார்கள். மூன்றாம் நாள் தோட்டத்தை ஒட்டியிருந்த பரமலிங்கத்தின் வீட்டுச் சீமெந்து நிலத்திலும் மயிரிழைபோல ஒரு வெடிப்பு தெரிந்தது. பரமலிங்கமும் குணலட்சுமியும் யாழ்ப்பாணத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வசந்தினி அந்தத் தோட்டத்துப் படங்களை ஹோட்டலுக்குக் கொடுக்கவில்லை. முக்காலியோடு அவரைக் கண்டால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தங்கள் தோட்டத்தை எடுக்கவேண்டாம் என்று இரண்டு பேர் வீடு தேடி வந்தே சொன்னார்கள். அவருக்கும் செம்மண்ணில் கால் வைக்கப் பயமாகத்தான் இருந்தது.

பங்குனியில் பக்கத்துத் தோட்டக்காரன் சிவகரன் ஸ்டூடியோவுக்கு வந்து, தன்னுடையதை ஒருதரம் எடுக்கச் சொன்னான். எடுத்தார். ஒட்டி முடியும்வரை அவன் அவருக்குப் பின்னாலேயே நின்றான். பாத்திகள் நேராக இருந்தன.

"ஒண்டும் இல்லைத்தானே, அக்கா?"

வசந்தினி ஆறாவது படத்தைத் திறந்து நெடுநேரம் பார்த்தார்.

"இண்டைக்கு நேராத்தான் கிடக்கு," என்றார். "வாற கிழமையும் எடுப்பம்."